பார்ப்பவர் உயரம்

"மலையுச்சி தெரியும். ஐயமில்லை. காலை 10.20." கார்த்திகைத் தீபத்துக்கு ஐந்து நாள் முன்பு என் நாட்குறிப்பில் நானே எழுதிய வரி இது. அடியில் கோடு வேறு போட்டிருக்கிறேன்.

பழைய வீட்டை உரிமையாளர் திருப்பிக் கேட்டதால், வேங்கிக்காலில் வாடகைக்கு ஒரு மாடி வீடு பார்த்திருந்தோம். என் மனைவிக்கு ஒரே நிபந்தனைதான்: வாசலில் நின்றால் தீபம் தெரிய வேண்டும். தீபத்தன்று காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடமாட்டாள். மலைமேல் ஏற்றியதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டு அகல்களை ஏற்றுவாள். சாப்பாடு அதற்கும் அப்புறம். கல்யாணமான நாளிலிருந்து இது ஒரு வருடமும் தவறியதில்லை. தேதிவாரியாக என்னிடம் குறிப்பு உண்டு.

வீடு பார்க்கப் போன அன்று மழை. மலை இருந்த திசையில் மேகம்தான் இருந்தது. "மலை எங்க சார் போவப் போவுது, அங்கதான் இருக்கும்" என்றார் தரகர். எனக்கு ஆதாரம் வேண்டுமே. கணினியில் நிலவரைபடத்தைத் திறந்தேன். ஓர் இடத்தைக் குறித்து, பார்ப்பவர் உயரத்தைக் கொடுத்தால், அங்கிருந்து கண்ணுக்கு எட்டும் நிலமெல்லாம் பச்சையாகும், எட்டாதது சிவப்பு. மாடியின் உயரத்தோடு என் ஐந்தடி எட்டங்குலத்தைக் கூட்டிக் கொடுத்தேன். உச்சி பச்சை. இந்த ஊரில் பால்காரர் தலையை நிமிர்த்தித் தெரிந்துகொள்ளும் விஷயத்தை, செயற்கைக்கோள் அளந்த தரவுகளைக் கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் நிறுவிவிட்டேன்.

மழையோடு மழையாகக் குடிவந்தோம். தீபத்தன்று சாயங்காலம் ஐந்தரைக்கு மேகம் விலகியது. மாடி வாசலில் நின்று பார்த்தோம். மலையின் இரண்டு தோள்களும் தெரிந்தன. நடுவில், உச்சி இருக்கவேண்டிய இடத்தில், செங்கல் கால்கள்மேல் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. என் வரைபடத்துக்கு இந்த மாவட்டத்தின் மேடு பள்ளமெல்லாம் அத்துப்படி. மனிதர்கள் வீடு கட்டுவார்கள், குளிப்பார்கள் என்பது மட்டும் தெரியாது.

மனைவி தொட்டியைப் பார்த்தாள். பிறகு என்னை. "உச்சி பச்சையா இருக்குன்னீங்களே. கறுப்பால்ல இருக்குது."

தெருமுனைக்குப் போகலாம் என்றேன். பட்டினியில் படி இறங்கினால் தலை சுற்றும் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணிக்கு வெடிச் சத்தம். தெரு முழுக்க அரோகரா. மலையில் ஏற்றிவிட்டார்கள், நீங்களும் ஏற்றுங்கள் என்று எதிர்மாடி அம்மா குரல் கொடுத்தார்.

"நான் இன்னும் பாக்கலியேக்கா" என்றாள் இவள்.

எண்ணெய் ஊற்றிய அகல்கள் வரிசையாகக் காத்திருந்தன. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எக்கினேன். எக்க எக்கத் தொட்டிதான் நன்றாகத் தெரிந்தது.

"தெரியுதுங்க."

உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். தொட்டிக்கு அடியில், செங்கல் கால்களுக்கு நடுவே இருந்த சந்தில். நான் குனிவதற்குள் தீப்பெட்டி கேட்டாள். எடுத்து வந்து அவள் பக்கத்தில் குந்திப் பார்த்தபோது, சந்து முழுக்க மேகம். அவளோ முதல் அகலை ஏற்றிக்கொண்டிருந்தாள். பார்ப்பவர் உயரம் என்ற கட்டத்தில், பார்க்கப்போகிறவளின் உயரத்தைப் போட எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். மலைத் தீபம் பதினொரு நாள் எரியும்; சந்தில் தெரிந்தது. ஆக, இடம் சரி. மேகம் இறங்கிய நேரத்தை மட்டும் நான் குறிக்கவில்லை. கேட்டால், "உங்க மேப்ல போட்டுப் பாருங்க" என்கிறாள். அன்று அவள் தீபத்தைப் பார்த்தது மேகம் மறைப்பதற்கு முன்புதானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.