எலிக்காரர் வீட்டு இளைப்பு

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பவருக்கு எலிக்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது. கேலிதான், ஆனாலும் மனுஷர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவர் தூக்கினால் எலிகூடக் கடிக்காது, அத்தனை பதமான கை.

ஏழு வயதில் ஒரே மகள். இரண்டு வருஷமாக அவளுக்கு இளைப்பு. அவள் நெஞ்சு விசிலடிக்கும்போதெல்லாம் இவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் புது மருந்தின்மேல் உயிரையே வைத்திருந்தார். ஸ்டெம் செல்கள் வெளியே விடும் எக்ஸோசோம் என்ற நுண்ணிய பைகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வாமையால் மூச்சுக்குழாய் வீங்கிய எலிகளின் மூக்கில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். விடுகிற கை இவருடையது. சில கூண்டுகளில் இளைப்பு தணிந்தது. மனிதருக்கு வர இன்னும் எத்தனையோ வருஷமாகும் என்று சோதனையை நடத்தும் ஆராய்ச்சியாளர் அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டார். இவர் கேட்டால்தானே!

வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்பது அங்கே விதி. மகள் காத்திருப்பாளே என்று இவர் அங்கியை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார். வந்ததும் அவளை மடியில் போட்டுக்கொண்டு அன்றைய எலிக்கதையை ஆரம்பிப்பார்.

ஒருமுறை இளைப்பு முற்றி, பிள்ளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, டாக்டர் அவள் கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தினார். ஒரு இடம் மட்டும் பெரிதாகத் தடித்தது.

"வீட்டுல எலித் தொல்லை இருக்கா?"

"சேச்சே, ஒரு எலிகூடக் கிடையாது டாக்டர்" என்றவர், மனைவி தன்னையே பார்ப்பதைக் கண்டு தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். கூண்டுத் தூசி இவர் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு தினமும் வீடு வந்திருக்கிறது. பாவி மனுஷன், கொஞ்சிக் கொஞ்சியே பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறார்.

மறுநாளே வேலையை விடப் போனார். சோதனை முடிய இருபது நாள்தான் பாக்கி, புதுக் கை பட்டால் எலிகள் மிரண்டு எல்லாம் பாழாகிவிடும் என்று ஆராய்ச்சியாளர் அம்மா கெஞ்சினார். பாதியில் விட இவருக்கும் மனசு வரவில்லை. அங்கேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டார். வீட்டில் மனைவி மெத்தை, திரைச்சீலை ஒன்று விடாமல் அலசிப் போட்டாள்.

பதினைந்தாம் நாள் மகள் போனில் வந்தாள். பேச்சுக்கு நடுவே அந்த விசில் இல்லை.

"அப்பா, இன்னிக்கு மாடிப்படி முழுக்க ஓடியே ஏறினேன். இளைக்கவே இல்ல. உங்க மருந்து எலிக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"அப்ப சீக்கிரம் வாங்க. வந்ததும் என்னை மடியில வெச்சுக் கதை சொல்லணும்."

இன்னும் ஐந்து நாள்தான் என்று சொல்லிப் போனை வைத்தார். பொங்கி வந்த கண்ணீரைத் துடைக்கக் கையைத் தூக்கியவர், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோப்பை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் குளிக்கப் போனார்.