குமரப்பன் ஒளித்து வைத்த பால் டின்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி இருந்த கடைவீட்டு வரிசையில், கீழே அச்சுக்கூடம், மேலே வீடு என்று குடியிருந்தவர் குமரப்பன். அச்சுக்கூடம் வேறொருவருடையது. புரூஃப் பார்ப்பதுதான் இவருக்கு வேலை. கல்யாணப் பத்திரிகையோ கோயில் நோட்டீஸோ தொழிற்சங்க மலரோ, அவர் கண்ணில் படாமல் எதுவும் படியிறங்கிப் போனதில்லை. அப்பா, பெரியப்பா எல்லோரும் லெபோ அம்பாங் தெருவில் செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகளில் காலம் தள்ளியவர்கள். இவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

"சோத்துல கல்லு கிடந்தா இவுகளுக்குத் தெரியாது. நோட்டீஸ்ல ஒரு புள்ளி விட்டுப்போனா மட்டும் நெஞ்சு அடைக்கும்" என்று மனைவி அழகம்மை சொல்லிச் சிரிப்பாள்.

அறுபத்தொன்பது மே மாதத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் மூண்டு ஊரடங்கு போட்டபோது குமரப்பன் மேல்மாடி ஜன்னல் வழியே நகரத்தின் மேல் எழுந்த புகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்றுவரை ஒரே கடையில் தேநீர் குடித்தவர்கள் இப்படியும் ஆவார்களா என்ற கேள்வி அவருக்குள் நுழைந்தது, பிறகு வெளியே போகவே இல்லை. அந்தச் சமயத்தில்தான் பழைய புத்தகக் குவியல் ஒன்றில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல் அவர் கைக்கு வந்தது. மலையடியில் ஒரு சுரங்க ஊர். பனி விழுந்து பாதை மூடிக்கொள்கிறது. முதல் மாதம் கூட்டம் போட்டு, கை தூக்கி, பங்கு பிரித்துச் சாப்பிடுகிறார்கள். மூன்றாம் மாதம் ஒருவரை ஒருவர் வேட்டையாடுகிறார்கள். குமரப்பன் அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு, அடுத்த வாரமே தமிழில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"இதுதான் உண்மை, அழகு. விளக்கும் போலீசும் இருக்கிற வரைக்குந்தான் மனுசன். அதை எடுத்துட்டா மூணே நாள்" என்பார்.

"அப்ப நான் யாரு? உங்களை மூணு நாள்ல அடிச்சுத் தின்னுடுவேனா?"

"உன்னைச் சொல்லலை. பொதுவாச் சொல்றேன்."

பொதுவாகச் சொன்னதைச் சோதித்துப் பார்க்க எழுபத்தொன்று ஜனவரியில் வெள்ளம் வந்தது.

புத்தாண்டுக்கு முன்பே பிடித்த மழை விடவில்லை. கிள்ளான் ஆறு கரையைத் தாண்டி ஒரு காலைப் பொழுதில் தெருவுக்குள் வந்துவிட்டது. அச்சுக்கூடத்தில் முழங்காலளவு, இடுப்பளவு என்று ஏறி, மதியத்துக்குள் ஈய எழுத்துப் பெட்டிகளெல்லாம் முழுகிப்போயின. மேல்மாடி உள்ள வீடு என்பதால் அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் குமரப்பன் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். அழகம்மை எண்ணிப் பார்த்தாள், முப்பத்தொரு பேர். மலாய்க்கார போஸ்ட்மேன் ஹாருன், மருமகள், அவள் கைக்குழந்தை. தையற்கடைச் சீனர் ஆ கியோங். கவர்மென்ட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ராதாகிருஷ்ணன், அந்த வெள்ளத்திலும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு வந்தார். பக்கத்துச் சாப்பாட்டுக்கடை முத்து முகம்மது சும்மா வரவில்லை. இரண்டு மூட்டை அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பெட்டி நிறைய பால் டின் என்று தலையில் சுமந்து ஏற்றிவிட்டுத்தான் தன் ஈரக் கைலியைப் பிழிந்தார்.

கடைசியாக ஜன்னல் வழியே இழுத்துப் போட்டது ராமு என்ற ஆளை. ஆற்றோரக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து வாழை மரத்தைக் கட்டிப்பிடித்தபடி மிதந்து வந்தவர். ரயில்வே யார்டில் சுமை தூக்குகிற வேலை. அவரிடமிருந்து கள் வாடை அடித்தது. மற்ற முப்பது பேரில் யாருக்கும் அவரைத் தெரியாது.

எல்லோரும் ஜன்னலோரம் நின்று ராமுவைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் குமரப்பன் அதைச் செய்தார். அறைக்குள் பால் பெட்டி தனியாக இருந்தது. மூன்று டின்களை எடுத்தார். தகரப் பெட்டியைத் திறந்து, தன் மொழிபெயர்ப்புத் தாள்களுக்கு அடியில் வைத்து, பூட்டினார். அவருக்குப் பசியில்லை. மூன்றாம் நாள் இந்தக் கூட்டம் என்ன ஆகும் என்று தனக்குத் தெரியும், அதற்குள் அழகம்மைக்கு ஏதாவது வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கை நடுங்கியதா என்று பிற்காலத்தில் கேட்டவர்களுக்கு, "இல்லை. அதுதான் எனக்கே பயமா இருக்கு" என்றார்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் அவர் எதிர்பார்த்த மாதிரி நடக்கவில்லை. கூரைத் தகரத்திலிருந்து கொட்டிய மழைநீரை டிரம்மில் பிடித்து, அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆ கியோங் துணிச்சுருளைப் பிரித்து அறைக்கு நடுவே திரை கட்டிப் பெண்களுக்கு இடம் ஒதுக்கினார். அழகம்மையும் முத்து முகம்மதுவும் காலையும் மாலையும் கஞ்சி காய்ச்சினார்கள். ஹாருன் மருமகளுக்குக் காய்ச்சல் கண்டு தாய்ப்பால் நின்றுபோனதால் குழந்தைக்குப் பாலைக் கரைத்துக் கொடுத்தார்கள். மிச்சத்தை வயதானவர்களுக்குத் தேநீரில் ஊற்றினார்கள். குமரப்பன் ஒரு மூலையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் ஏதேதோ குறித்துக்கொண்டிருந்தார். யார் முதலில் கத்துவார், யார் முதலில் கை ஓங்குவார் என்று அவர் பட்டியல் போட்டிருந்தார். முதல் பெயர் ராமு. ராதாகிருஷ்ணன் பெயர் அதில் இல்லவே இல்லை.

மூன்றாம் நாள் காலை பால் பெட்டி காலியாகிவிட்டது.

முத்து முகம்மது பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். காலி டின்களை ஒன்றொன்றாக எடுத்து வைத்தார். "இருவத்துநாலு டின் ஏத்துனேன்லா. இருவத்தொண்ணுதான் இருக்கு. மூணு எங்க?"

குழந்தை அழுதது.

"இதுல கேக்கறதுக்கு என்னா இருக்கு?" என்றார் ராதாகிருஷ்ணன். "பெட்டி பக்கத்துல யாரு படுத்துக் கிடந்தா? நாம எல்லாம் இந்த ரோட்டுக்காரங்க. இந்த ஆளு யாரு? தெரியுமா யாருக்காச்சும்?"

எல்லோர் தலையும் ராமு பக்கம் திரும்பின.

"சாமி சத்தியமா நான் எடுக்கலங்க" என்று ராமு எழுந்து நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சட்டென்று நடந்தது. யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். ராதாகிருஷ்ணனின் கை வீசியதில் ராமுவின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "பச்சப் புள்ள பாலைத் திருடுன நாயி, தூக்கி வெளிய போடு!" என்று ஒரு பெண் குரல் கத்தியது. "சபார், சபார்" என்று ஹாருன் பொறுமையாக இருக்கச் சொல்லிக் குறுக்கே புகப் பார்த்தார். அவரையும் இடித்துத் தள்ளிவிட்டு நாலைந்து பேர் ராமுவை ஜன்னல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். கீழே பழுப்பு நிறத் தண்ணீர் கடைப் பலகைகளையும் கோழிக்கூண்டுகளையும் இழுத்துக்கொண்டு ஓடியது.

குமரப்பன் மூலையில் இருந்தபடியே பார்த்தார். அந்த நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் அப்படியே கண் முன்னால் நடந்தது. தான் சொன்னது சரியாகப் போயிற்று என்று ஒரு கணம் உள்ளுக்குள் திருப்தி எழுந்தது. பென்சில்கூடக் கையில்தான் இருந்தது.

அப்போது ராமு ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பி, கூட்டத்துக்கு நடுவே அவரைத் தேடிப் பிடித்தார்.

"அண்ணே, இது உங்க வீடு. நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க போன்னு சொன்னா நானே எறங்கிப் போயிடறேன். இவங்க தள்ள வேணாம்."

குமரப்பன் எழுந்தார். தகரப் பெட்டிக்கும் அவருக்கும் நடுவே நான்கடி இருக்கும். அந்த நான்கடியைக் கடக்கத் தனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்கு நினைவே இல்லை. பூட்டைத் திறந்தார். தாள்கள் தரையில் சரிந்தன. மூன்று டின்களையும் எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தரையில் வைத்தார்.

"நான்தான் எடுத்தேன்."

ராமுவின் சட்டையைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. ராதாகிருஷ்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஹாருன் மெதுவாகக் கேட்டார், "பசியா, செட்டி?"

"இல்லை."

முத்து முகம்மதுதான் குனிந்து டின்களை எடுத்தார். கத்தியால் ஒன்றைக் குத்தித் திறந்துகொண்டே, "என்னாண்ணே, கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா" என்றார். முதல் கரைசல் குழந்தைக்குப் போனது.

அடிப்பார்கள், தன்னையே ஜன்னல் வழியே தள்ளுவார்கள் என்று குமரப்பன் காத்திருந்தார். யாரும் கிட்டே வரவில்லை. அன்று மாலை கஞ்சி ஊற்றும்போது அழகம்மை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு அவர் தட்டிலும் ஊற்றினாள். ஆ கியோங் தன் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். ராமு மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். படகு வரும்வரை யாரோடும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் ராணுவப் படகு வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அச்சுக்கூடத்தில் சேற்றோடு சேர்ந்து கிடந்த ஈய எழுத்துகளைப் பொறுக்கப் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். குமரப்பன் அங்கே இல்லை. ரயில்வே யார்டில் விசாரித்து, ஆற்றோரக் கம்பத்துக்குப் போய், ராமுவின் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். நான்கு மரத் தூண்களும் இடுப்பளவு சேறும் மிச்சம். ராமு மண்வெட்டியால் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். மனைவி ரமணி வாளியில் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க, ராமு" என்றார் குமரப்பன்.

ராமு நிமிரவில்லை. "பசிச்சு எடுத்திருந்தா எனக்கு ஒண்ணுமே இல்லண்ணே. நானும் எடுத்திருக்கேன். உங்களுக்குப் பசியே வரலையே. எங்கள எல்லாம் என்னா நெனச்சு அதை எடுத்து வச்சீங்க?"

குமரப்பன் சேற்றில் நின்றபடியே இருந்தார். ரமணிதான் புருஷனைப் பார்த்து, "நிக்க வச்சு என்னா பண்ணப் போறீங்க? இன்னொரு மண்வெட்டி பக்கத்து வீட்டுல இருக்கு" என்றாள்.

பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கியறியாத அந்த மனிதர் நான்கு நாள் சேறு அள்ளினார். முதல் நாளே இரண்டு கையும் கொப்புளித்துப் போயின. இரண்டாம் நாள் அழகம்மையும் வந்தாள். வரும்போதே ஒரு தூக்குச்சட்டி நிறைய சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் ராமு முதன்முறையாகச் சிரித்தார். குமரப்பன் சேற்றில் வழுக்கி உட்கார்ந்ததுதான் காரணம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவர் அந்த நாவலைத் தொடவில்லை. அழகம்மைதான் ஒருநாள் தாள்களை எடுத்து மேஜையில் வைத்தாள். "பாதியில விட்டதை முடிங்க. அந்த ஆள் எழுதுனது பொய்யின்னு சொல்ல முடியாதே. நம்ம வீட்டுலயே பார்த்தோமே" என்றாள். எழுபத்தாறில் புத்தகம் வந்தது. மூலத்தில் ஒரு வரியைக்கூட அவர் மாற்றவில்லை. ஆனால் முன்னுரை என்று நான்கு பக்கம் எழுதினார். அதில் வெள்ளமும் பால் டின்களும் தான் செய்ததும் அப்படியே இருந்தன. கஞ்சி ஊற்றிய கையும் நகர்ந்து இடம் கொடுத்த ஆளும் கூடவே இருந்தார்கள். நாவலாசிரியர் மனிதனைப் பற்றி எழுதியது தன்னைப் பொறுத்தவரை சரி, முத்து முகம்மதுவைப் பொறுத்தவரை தப்பு என்று முடித்திருந்தார்.

"ஊரே சிரிக்கும்" என்றாள் அழகம்மை.

ஊர் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. ஐந்நூறு பிரதியில் பாதிகூட விற்கவில்லை. ராதாகிருஷ்ணன் மட்டும் பெயர் போடாமலே தன்னைக் குத்திக் காட்டிவிட்டதாகக் கோபித்துக்கொண்டு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார். பிறகு மகள் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க வேறு ஆள் கிடைக்காமல் தானாகவே வந்தார்.

ராமுவுக்குப் படிக்கத் தெரியாது. குமரப்பன் புத்தகத்தை எடுத்துப் போய் முன்னுரையை வாசித்துக் காட்டினார். முழுவதையும் கேட்டுவிட்டு ராமு, "வாழ மரத்தப் புடிச்சுக்கிட்டு நான் எவ்வளவு தூரம் வந்தேன்னு போடலியே. ரெண்டு மைலு இருக்கும்லா" என்றார். அதுதான் அவருடைய ஒரே குறை.

பிற்பாடு குமரப்பனும் அழகம்மையும் கிள்ளானில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்கள். ராமு ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று ரவாங்கில் ஒரு சிறிய வீடு வாங்கினார். தொண்ணூற்றைந்தில் கம்யூட்டர் என்ற மின்சார ரயில் விட்ட பிறகு குமரப்பனுக்குக் கால் நிற்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு காலையில் கிள்ளானில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, ரவாங்கில் இறங்குவார். ராமு ஸ்டேஷன் வாசலில் சைக்கிளோடு நிற்பார். இருவரும் சந்தைப் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து, மதியம்வரை அரசியல், முழங்கால் வலி, பிள்ளைகள் என்று பேசித் தீர்ப்பார்கள். திரும்பும்போது ரமணி ஏதாவது கட்டிக் கொடுப்பாள். ஒருமுறை மரவள்ளிக் கிழங்கு, ஒருமுறை முருங்கைக்கீரை. ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு குமரப்பன் தூங்கிப்போய், கிள்ளானைத் தாண்டித் துறைமுகம் வரைக்கும் போய்விட்ட நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் இருக்கிற யாரோ ஒரு சீனப் பெண்ணோ மலாய்ப் பையனோ தட்டி எழுப்பி, "அங்கிள், கடைசி ஸ்டேஷன்" என்று சொல்லி, பையையும் எடுத்துக் கையில் கொடுப்பார்கள்.