அம்மாள் தந்த பொங்கல்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கடைவாய்ப் பற்களில் ஐந்து சொத்தை. பாலில் சீனியை அள்ளிப் போட்டதும், அழுதால் டொபி கொடுத்து வாயை அடைத்ததும் நான்தான். அதனால் யாரையும் ஏச வழியில்லை. ஏச ஆள் கிடைக்காவிட்டால் எனக்குக் கோபம் இன்னும் கூடும்.

பல் டொக்டரிடம் இரண்டு தரம் கொண்டுபோனேன். முதல் தரம் ஊசியைக் கண்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். இரண்டாம் தரம் அவர் விரலைக் கடித்துவிட்டாள். பாவம் அந்த மனிதர், விரலை உதறிக்கொண்டே சிரித்தார். அமுக்கிப் பிடித்துப் பிடுங்கினால் பிள்ளை பிறகு இந்தப் பக்கமே வராது, மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் முடிப்போம் என்றார். பல்லுக்காகப் பிள்ளையை மயக்குவதா என்று முதலில் மறுத்தேன். ஆனால் அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவதை எத்தனை நாள் பார்ப்பது? சம்மதித்தேன். கணவர் கட்டாரில் வேலை. கையெழுத்தும் பயமும் என் பொறுப்பு.

ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், காத்திருந்து திகதி கிடைத்தது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு சரி, காலையில் வாயில் எதையும் வைக்கக்கூடாது என்று தாளில் எழுதித் தந்தார்கள். நான் சொன்னால் சொன்னதுதான். அவள் எவ்வளவு சிணுங்கியும் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. அவளைப் பார்க்க வைத்துக் குடிக்க மனமில்லாமல் நானும் குடிக்கவில்லை.

எங்கள் ஊர் குருக்கள்மடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் புறப்பட்டோம். அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும் வைகாசி மாதம். வழியில் எங்கள் கோயிலில் இறங்கி, பிள்ளை நல்லபடியாகக் கண் விழிக்க வேண்டுமென்று அம்மாளிடம் மன்றாடினேன். பூசகர் அவள் நெற்றியில் சந்தனம் வைத்து, வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் தந்தார். நான்தான் உருட்டி அவள் வாயில் வைத்தேன். வலிக்காத பக்கத்தால் மென்று, இலையையும் வழித்துத் தின்றாள். எங்கள் வீட்டில் அம்மாள் தருவது சாப்பாட்டில் சேர்த்தியில்லை. அது காவல். பிள்ளை சாப்பிட்டாள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஏதாவது கொடுத்தீர்களா என்று தாதி கேட்டார். இல்லை என்றேன். பல் டொக்டர் கேட்டார். இல்லை. மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வந்தார், காத்தான்குடி முஸ்லிம் பெண். அவரும் அதையே கேட்டார். எத்தனை தரம்தான் கேட்பார்கள் என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இல்லை என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மகளின் நெற்றியில் காயாமல் இருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

"கோயிலுக்குப் போன நீங்களா?"

"ஓம்."

"அங்க என்ன குடுத்த?"

"பொங்கல்," என்றேன். சொல்லும்போதே அதுவும் சாப்பாடுதான் என்று எனக்கு உறைத்தது.

அவர் கையிலிருந்த தாள்களை வைத்துவிட்டு எனக்கு விளங்கப்படுத்தினார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்தால் பிள்ளையால் இருமித் துப்ப முடியாது, சுவாசப்பைக்குள் போய்விடும், மூச்சே நின்றுபோகலாம். இன்றைக்கு வேண்டாம், பதினொரு நாள் கழித்து வாருங்கள் என்றார். நான் அழுதேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"அழாதீங்க. எங்கட ஆக்களும் ஓதின ஈத்தம்பழத்தக் குடுத்துப்போட்டு, ஒண்டும் குடுக்கல்ல எண்டுதான் சொல்ற. அதாலதான் நான் கேட்டுக் கேட்டுப் பாக்கிற."

அந்தப் பதினொரு நாளும் அவள் வலியில் முனகும்போதெல்லாம், இது என் கையால் வந்தது என்று எனக்குள்ளேயே என்னை ஏசினேன்.

இரண்டாம் தரம் போகும்போது ஓட்டோக்காரர் பழக்கத்தில் கோயிலடியில் நிறுத்தினார். நான் இறங்காமல் இருந்தபடியே கும்பிட்டேன். பூசகர் இலையோடு எங்களை நோக்கி வந்தார். மகள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பொங்கலை வாங்கிப் பைக்குள் வைத்தேன். ஆஸ்பத்திரியில் அதே டொக்டர், அதே கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அம்மாளும் ஒண்டும் தரல்ல."

டொக்டர் சிரித்துவிட்டார்.

மயக்கத்துக்கு முன் கொடுக்கும் தூக்க மருந்தைச் சின்னக் குவளையில் ஒரு வாய் கொடுத்தார்கள். என் மடியில் இருந்தபடி குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கண் செருகியது. என் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கழுத்து என் கையில் சரிந்தது. தாதி அவளை வாங்கிக்கொண்டு உள்ளே போக, நான் கதவடியில் நின்றேன். அன்றைக்கும் அவளை இப்படித்தான் தூக்கிக் கொடுத்திருப்பேன். நெற்றியில் சந்தனம், வயிற்றில் பொங்கல். மூன்று தரம் இல்லை என்று சொன்னது இந்த வாய்தான்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவள் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். பல் இருந்த இடத்தில் பஞ்சு. அந்த வாயோடு, பையில் இருக்கும் பொங்கலைத் தா என்றாள். நான் பையைத் திறக்கவில்லை. எழுந்துபோய் முதலில் டொக்டரிடம் கேட்டேன்.