குகன் கடனை அடைத்த கதை

தலைநகர் ஒட்டாவாவிலிருந்து குகனின் கோப்பு திரும்பி வந்தது ஒரு திங்கட்கிழமை. பணவிவகாரத்தில் சந்தேகம் இருப்பதால் ஆறு வாரத்தில் நேர்காணல் என்று எழுதியிருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அலுவலர். வாசலில் நிற்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். விமானப் பாகங்கள் செய்யும் கம்பெனி. அரசாங்க ஒப்பந்தம் வந்தால் அதில் கை வைக்கும் ஒவ்வொருவருக்கும் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது நம்பத்தகுந்தவர் என்ற அரசாங்க அனுமதி, வேண்டும். பழைய விலாசங்கள், கைரேகை, கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவேன். முடிவு ஒட்டாவாவுடையது. தபால்காரி வேலைதான் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். இருபது வருடம் அதைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். என் நாற்காலிக்கு வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தப்பை மட்டும் எழுதி வைக்கிறேன்.

1. மச்சானின் கார்

குகன் யாழ்ப்பாணத்துக்காரர். டெஸ்டிங் பிரிவில் பதினோரு வருட டெக்னீஷியன். அந்தப் பிரிவு முழுவதும் ராணுவ ஒப்பந்தத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கிளியரன்ஸ் இல்லையென்றால் அவருக்கு அங்கே வேலை இல்லை. வேறு பிரிவில் இடமும் இல்லை.

அவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டில் பதினெட்டாயிரம் டாலர் கார் கடன், வசூல் ஏஜென்சி வரை போயிருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது என்ர கடன் இல்லை அக்கா. மச்சான் கார் வாங்கேக்க நான் பிணைக்குக் கையெழுத்து மட்டும்தான் வைச்சனான்."

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. காரை எடுத்துக்கொண்டு டொரன்டோ போனவர் தவணையை நிறுத்திவிட்டார். ஏஜென்சியிலிருந்து எங்கள் ஊர்மொழியான பிரெஞ்சில் கடிதங்கள் வந்தபோது, அவை மச்சானுக்கு உரியவை என்று நினைத்து, குகன் ஒன்றைக்கூடப் பிரிக்காமல் தன் செலவில் தபால்தலை ஒட்டி டொரன்டோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: ஏஜென்சியோடு பேசி, மாதாமாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று ஒரு தாள் வாங்கி, அதை நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள். நான் சொன்னது வேறு.

"எப்படியாவது மொத்தத்தையும் கட்டிடுங்க குகன். கடனே இல்லன்னா கேள்வியே வராது."

2. ரோல்ஸ்

மூன்றாவது வாரம், கடன் முழுதையும் அடைத்ததற்கான ரசீதோடும் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடும் வந்தார். எங்கள் ஊரில் தமிழர்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருபது குடும்பங்கள் சேர்ந்து போடும் சீட்டு அவருக்கு இருந்தது. வீட்டுக்கு முன்பணம் என்று மனைவி பொத்திப் பொத்தி வைத்திருந்த சீட்டு. பெரிய தொகையைக் கழிவாக விட்டுக்கொடுத்து, சீட்டை ஏலத்தில் முன்கூட்டியே எடுத்து, பணத்தை ரொக்கமாகக் கட்டிவிட்டார். நான் திருச்சிக்காரி. எங்கள் வீட்டில் சீட்டு என்றால் கம்பெனி, பாஸ்புக், ரசீது. இதற்கும் ஏதாவது தாள் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லி இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

நேர்காணலில் கடனைப் பற்றி ஐந்து நிமிடம்தான் கேட்டார்களாம். மீதி ஒரு மணி நேரமும், மூன்று வாரத்தில் பதினெட்டாயிரம் ரொக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான். குகன் சீட்டை விளக்கியிருக்கிறார். நடத்துபவர் யார், மற்றவர்கள் யார், எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. பேர் சொல்லலாமா என்று அவர்களைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவகாசம் வாங்கி வந்தார்.

சீட்டு நடத்தும் அம்மாவின் வீட்டுக்கு, பணம் சீட்டுப்பணம்தான் என்று ஒரு கடிதம் கேட்டு, நானே போனேன். அகாடி மெட்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி. தேத்தண்ணி தந்து, நான் சொல்வதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நான் கடிதம் தந்தா இருபது வீட்டுப் பேரும் ஒட்டாவாக்குப் போகும், பிள்ளை. அரசாங்க உதவிக் காசில இருக்கிறவையும் அதில இருக்கினம், சேமிப்பு இருக்கெண்டு தெரிஞ்சா அந்தக் காசு நிண்டிடும். நான் ஒருத்தரையும் காட்டிக்குடுக்க மாட்டன்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் படி இறங்கினேன். குகனும் பேர் சொல்லவில்லை. அந்த இருபது வீடுகளுக்கு நடுவில்தான் அவர் குடியிருந்தார்.

3. பேட்ஜ்

கிளியரன்ஸ் மறுக்கப்பட்டது. ஒட்டாவா அதிகாரி ஒருவர் என்னிடம் தொலைபேசியில் மரியாதையாகவே விளக்கினார். கையெழுத்து வைத்து ஏமாந்த கடன்கள் அவர்கள் தினம் பார்ப்பவைதாம். தவணைத் தாள் ஒன்று இருந்திருந்தால் குகன் அநேகமாகத் தேறியிருப்பார். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பணத்தால் கடனை அடைத்தவரைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை. நாளைக்கு அதைக் கொடுத்தவர்கள் பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.

ஒருவரிடம் கடனைக் கட்டச் சொல்வதற்கு முன், எந்தப் பணத்தால் கட்டுவீர்கள் என்று கேளுங்கள். அதற்குத் தாள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியையும் நான் கேட்கவில்லை. குகன் இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். முன்பு வாங்கிய சம்பளத்தில் பாதிகூட இல்லை. அதிலிருந்துதான் மீதிச் சீட்டையும் கட்டுகிறார்.

தொழிற்சாலையில் தன் கடைசி நாளன்று, பேட்ஜை என் மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"அக்கா, கடனை அப்பிடியே விட்டிருந்தா வேலை இருந்திருக்குமோ?"

இருபது வருடம் ஒவ்வொருவரிடமும் உண்மையைக் கேட்டு வாங்கிய அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"தெரியல குகன்" என்றேன்.