நானூறு மீற்றர் என்று சொன்னவள் நான்

குண்டு பட்டும் சாகாத ஒரு காட்டுப்பன்றி விடியும்வரை என்ன செய்திருக்கும்?

அதை வதைத்தவள் நான். துவக்கைத் தொட்டதுகூட இல்லை... ஆனாலும் நான்தான்!

இத்தாலியில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். ஊரில் பௌதிகம் படித்தவள். வீட்டுக்காரரைச் சிஞ்ஞோரே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவேன். மலையில் பன்றி வேட்டையாடுவார். ஆங்கிலத்தில் இருந்த குண்டு விபரங்களைப் போன மாரியில் என்னிடம் தந்தார்.

"மிருகம் வதைபடாமல் விழவேண்டும். நீ சொல்லும் தூரத்துக்கு அப்பால் சுடமாட்டேன்," என்றார்.

அவருடைய ஈயக் குண்டுக்குக் கணக்குப் பார்த்தேன். நானூறு மீற்றர் என்றேன்.

பிறகு பயம் பிடித்தது. இறைச்சியில் எங்களுக்கும் பங்கு வரும். ஈயத்தூள் என் சின்ன மகளின் வயிற்றுக்குள் போனால்...? செப்புக் குண்டுதான் நல்லது என்றேன். உடனே மாற்றினார். தூரத்தை மட்டும் நான் மாற்றவில்லை!

செப்பு கடினமானது. வேகம் குறைந்தால் உடலுக்குள் விரியாது. ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும். அவ்வளவு தூரத்தில் அந்த வேகம் இருக்காது. வேட்டைக்கு முதல்நாள், அவருடைய சேர்ட்டுகளை அயர்ன் பண்ணும்போது, இது எனக்கு விளங்கிவிட்டது. கைத்தொலைபேசி பக்கத்திலேயே கிடந்தது.

எடுக்கவில்லை. படித்தவள் பிழைவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? இங்கே தங்கும் அனுமதியான என் பெர்மெசோவைப் புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேறு வேண்டும்... இதெல்லாம் காரணமா? தூ!

நான் சொன்ன தூரத்திலிருந்தே சுட்டார். குண்டு பட்ட பன்றி ஓடிவிட்டது. மறுநாள் நாய்கள் முட்பற்றைக்குள் கண்டுபிடித்தபோதும் மூச்சு இருந்ததாம்.

ஒரு துடை எனக்குக் கிடைத்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். வறுத்த தூள் போட்டுக் காய்ச்சினேன்.

"அம்மா, புவோனோ! இன்னும் போடுங்கோ," என்றாள் மகள்.

"நீர் ஏன் சாப்பிடேல்லை? பன்றி உமக்குச் சொந்தமோ?" என்று என் கணவர் சிரித்தார்.

"வயிறு சரியில்லையப்பா," என்றேன். குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அந்தச் சட்டியை எத்தனை தரம் தேய்த்தும் எனக்கு மணக்கிறது.

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொன்னேன், சின்னப் பொய்களைச் சொன்னேன். பன்றியைச் சொல்லவில்லை.

இப்போது வேட்டைக்காலம் திரும்பவும் தொடங்கிவிட்டது. நேற்றுச் சிஞ்ஞோரே செப்புக் குண்டுப் பெட்டியைக் குசினி மேசையில் வைத்தார்.

"உன் கணக்குப் பிழைக்காது. போனமுறை என் கைதான் நடுங்கியிருக்கிறது. கிழவனாகிவிட்டேன்," என்றார்.

அந்த மனிதர் தன் கையைச் சந்தேகிக்கிறார்! நானோ தலையை ஆட்டிவிட்டுக் கோப்பி ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறார். என் பெர்மெசோவுக்கான கையெழுத்து இன்னும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கு முன் அவரிடம் வாய் திறக்கவேண்டும். நீங்கள் என் இடத்தில் இருந்தால் எப்படித் தொடங்குவீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்... முதல் வசனத்தையாவது.