குட்டி ராஜா சொன்னது

இன்று மதியம் புதுக்கோட்டையில் மீமிசல் பஸ் ஏறினோம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி, டிவியில் பார்க்கும் மாயாஜாலத் தொடரின் கதையைப் பக்கத்து சீட் மீன்கார அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ராஜா சின்னப் பையன். ரொம்ப நல்லவன். மந்திரியும் சித்தப்பாவும் ஆளுக்கு ஒண்ணு சொல்லச் சொல்வாங்க. அவனும் அப்படியே சொல்லிருவான்."

"பாவம் புள்ள," என்றார் அக்கா.

அந்த நேரம் சிங்கப்பூரிலிருந்து என் கணவர் போன் செய்தார். அறந்தாங்கியில் அவருடைய அக்கா வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு யாழினி காதில் சொன்னேன்.

"அத்தை வீடு புடிக்கலன்னு சொல்லு. தனி வீடு பார்க்கச் சொல்லு."

ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். போனைத் தந்துவிட்டு மறுபடி கதைக்குப் போய்விட்டாள்.

மீன்கார அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறந்தாங்கியில் இறங்கியதும் மனசு கேட்காமல் கணவரைப் போனில் அழைத்தேன்.

"அவ சொன்னது நான் சொல்லிக் குடுத்ததுங்க."

"தெரியும். போன மாசம் எங்கக்காவும், இங்கயே இருக்கணும்னு அவளைச் சொல்ல வச்சுச்சு."

யாழினியிடம் கேட்டேன். "ஒனக்கு எங்கடி இருக்கணும்?"

"தெரியலம்மா. நீயும் அத்தையும் எது சொன்னாலும் சொல்றேன். சண்டை போடாம இருங்க."

இன்னும் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

'எங்க வீட்டில் இப்படியெல்லாம் கிடையாது' என்பவர்கள் இன்று ஒருநாள் மட்டும் கமென்ட் போடாதீர்கள். மற்றவர்கள் வாருங்கள்.