கச்சேரி பின்னாலேயே போன அம்மா

பிரான்சில் ஜூன் பிறந்துவிட்டால் பார்க்கிறவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: வக்கான்ஸுக்கு எங்கே போகிறீர்கள்? ரொட்டிக்கடைப் பெண்கூட ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்பாள். விடுமுறை வந்தால் எங்காவது போயே தீரவேண்டும் என்பது எனக்கு வந்த புதிதில் விளங்கவில்லை. "வீட்டில்தான் இருப்பேன்" என்றால், உடம்புக்கு ஏதாவதா என்பதுபோலப் பார்ப்பார்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மொனிக் என்று ஒரு மதாம் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. ஒரு ஜூலை காலையில் அவர் தன் சின்னக் காரின் தலையில் கூடாரத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஊருக்கெல்லாம் போகவில்லை. பாட்டுக்காரர்கள் பின்னால் போகிறேன்" என்றார். அவருக்குப் பிடித்த குழு ஒன்று கடலோர ஊர்களில் அடுத்தடுத்துக் கச்சேரி செய்யுமாம். அவர்கள் போகிற ஊருக்கெல்லாம் இவரும் போவாராம்.

மேலே வந்து சொன்னதும் என் கணவர் சிரித்தார். "இந்த வயசுல இதென்ன கிறுக்கு?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி இறங்கிப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில், "என் அம்மாவும் இப்படித்தான்" என்றேன். மொனிக்குக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அம்மா என்ன வாத்தியம் வாசிப்பார் என்று கேட்டார். மீன் விற்பார் என்றேன். கேள்வி எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, கிதார் வாசிப்பதுபோல் கையை ஆட்டிக் காட்டி மறுபடி கேட்டார். நான் தலையில் கூடை தூக்குவதுபோல் காட்டினேன். தலையில் வைத்து அடிக்கிற ஏதோ இந்திய மேளம் என்று எடுத்துக்கொண்டு, பெருமதிப்போடு தலையசைத்தார். அதன்பிறகு பல வருஷம் அவர் என்னை ஒரு கலைஞரின் மகளாகத்தான் மற்றவர்களிடம் அறிமுகப்படுத்தினார்.

நாங்கள் காரைக்காலுக்குத் தெற்கே பட்டினச்சேரி. அப்பா கடலுக்குப் போவார். அம்மா மீன்கூடையோடு நெரவி வரைக்கும் நடந்து வீடு வீடாக விற்றுவிட்டு வருவாள். எழுபதுகளில் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் நித்திலம் மெல்லிசைக் குழுவுக்குத் தனி மவுசு. அதில் வசந்தா என்ற பெண் பாடினாள். இருபது வயதுதான் இருக்கும், ஒல்லி, மைக்கைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடுவாள். முதல் தடவை பக்கத்துப் பட்டினத்தில் அவள் பாட்டைக் கேட்டுவிட்டு வந்த அம்மா, மறுநாள் மீன் விற்றுக்கொண்டே அடுத்த கச்சேரி எந்த ஊரில் என்று விசாரித்திருக்கிறாள். கோடை விடுமுறை வந்ததும் கருவாட்டை மூட்டை கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். திருநள்ளாறு, நாகூர், மாயவரம் என்று குழு போகிற ஊருக்கெல்லாம் நாங்களும் போனோம். பகலில் திருவிழாக் கடைகளுக்கு நடுவே கருவாடு விற்பாள். பொழுது சாய்ந்ததும் குளத்தில் கைகால் முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு, மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஊரில் ஜாடைமாடையாகப் பேசினார்கள். அப்பா மட்டும், "நான் மீன் பின்னாடி போறேன், அவ பாட்டு பின்னாடி போறா, உங்களுக்கென்ன?" என்றார்.

இரண்டாவது கோடையில் வசந்தாவே அம்மாவைத் தேடி வந்தாள். முதல் வரிசையில் ஒரே முகம் ஊர் ஊராக உட்கார்ந்திருந்தால் பாடுகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்? "அக்கா, நீங்க எந்த ஊருன்னே புரியல. எல்லா ஊர்லயும் இருக்கீங்க" என்றாள். அன்றிலிருந்து அம்மா அவளுக்கு அக்கா ஆனாள். அடுத்த வருஷம் வசந்தாவின் தாயாருக்கு மூட்டுவலி வந்து, துணைக்கு வரமுடியாமல் போயிற்று. துணையில்லாமல் வயசுப்பெண்ணை வெளியூருக்கு எப்படி அனுப்புவது? வசந்தா அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தக் கோடை முழுக்க நாங்கள் குழுவின் வேனிலேயே போனோம். நான் ஹார்மோனியப் பெட்டிக்கும் டிரம்முக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வேன். அம்மா ஜன்னல் பக்கம், அவள் தோளில் சாய்ந்து வசந்தா தூங்குவாள். கும்பகோணம் போகிற வழியில் வசந்தா கேட்டாள், "அக்கா, நீங்க முணுமுணுக்கிறதே நல்லாருக்கு. ஒரு நாள் மேடையில வந்து பாடுங்களேன்." அம்மா வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "பாடறதுக்கு ஊருல எத்தனையோ பேரு இருக்காங்க தாயி. ஒழுங்காக் கேக்கறதுக்கு ஒருத்தி வேணாமா?" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அம்மாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த கோடையில் எனக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர்கள் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுப் பிரஜாவுரிமை. மாப்பிள்ளை பாரிசுக்குப் பக்கத்தில் வேலை பார்த்தார். லீவில் வந்த இடத்தில் பெண் பார்த்து, கல்யாணம் முடித்துப் போய்விட்டார். எனக்குப் பேப்பர்களெல்லாம் சரியாகி வர மறுகோடை ஆகிவிட்டது. மீனம்பாக்கத்துக்கு அம்மா என்னோடு வந்தாள். டாக்ஸியில் அவ்வப்போது என் ஜடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் போனபிறகும் அவள் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்தேன். பாதிதான் சரி.

மீதி எனக்குத் தெரியவர நாலு வருஷம் ஆயிற்று. முதல் லீவில் ஊருக்கு வந்தபோது காரைக்கால் கடைத்தெருவில் நித்திலத்தின் தபேலாக்காரரைப் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டு, அம்மா சௌக்கியமா என்று விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "வசந்தாவுக்கு கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ள வீட்டுல இனிமே பாடக்கூடாதுன்னுட்டாங்க. நாகூர்லதான் கடைசிக் கச்சேரி. அக்காவ மட்டும் எப்படியாச்சும் வரச் சொல்லுங்கன்னு ஆள் அனுப்பிச்சிருந்துச்சு. முதல் வரிசைய பாத்துப் பாத்துப் பாடுச்சு. அம்மா வரலியே." எந்த நாள் என்று கேட்டேன். என்னை அம்மா விமானம் ஏற்றிவிட்ட அதே நாள். வசந்தா கணவனோடு பம்பாய்ப் பக்கம் போய்விட்டாள், அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா? ஏரோப்ளேன நிறுத்தியிருப்பியா?"

"நீ நாகூருக்குப் போயிருக்கலாமே. அப்பா என்னை ஏத்திவிட்டிருப்பாரு."

அம்மா நெத்திலியைப் புரட்டிப் போட்டாள். "அவளும் புருசன் வீட்டுக்குப் போனா. நீயும் போன. ஒரே நாள்ல ரெண்டு பேரையும் வழியனுப்ப எனக்கென்ன ரெண்டு ஒடம்பா?" என்றாள். கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

மொனிக்கோடு ஒருமுறை நானும் ஒரு கச்சேரிக்குப் போயிருக்கிறேன். அங்கே யாரும் உட்காரவில்லை. எல்லோரும் நின்றபடியே கூடச்சேர்ந்து பாடினார்கள், பாடகர் பாடுவதே கேட்கவில்லை. மொனிக் கண்ணீரும் சிரிப்புமாக என் கையைப் பிடித்து ஆட்டினார். நான் அந்தக் கூட்டத்தில் கைகட்டி நின்று, ஒழுங்காகக் கேட்க முயன்றுகொண்டிருந்தேன். அம்மாவை இங்கே அழைத்து வரவேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. கேட்டபோது, "அங்க வந்து நான் யாருக்கு மீன் விக்கிறது?" என்று முடித்துவிட்டாள்.

போன லீவில் அம்மன் கோயில் திருவிழாவில் ஏதோ புதுக் குழு வந்திருந்தது. அம்மா வரமாட்டேன் என்றாள். நான்தான் கெஞ்சிக் கூட்டிப்போனேன். போனதும் விழாக்குழுவில் ஒருவர் ஓடிவந்து, "பிரான்சுலேர்ந்து வந்திருக்கீங்க, மணல்ல உக்காரலாமா?" என்று இரும்பு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் போட்டார். அம்மாவுக்கும் ஒன்று கேட்டேன். "எனக்கு வேணாம், நீ உக்காரு" என்று சொல்லி அவள் நாற்காலிக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவின் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. எழுந்து அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். நாற்காலி எங்களுக்குப் பின்னால் காலியாக நின்றது. மேடையில் ஒரு சின்னப் பெண் பாட ஆரம்பித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் என் தோளைத் தொட்டாள்.

"ஏங்க, மேடை மறைக்குது. நாற்காலி உங்களதுங்களா?"

"இல்லங்க" என்று நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் போட்டுவிட்டு வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.